'ரோஸ்ட் டர்க்கி'யா, 'ரோஸ்டட் டர்க்கி'யா? எது சரி?

கேள்வி: மெய்ப்புநோக்கி, சென்னை

அனைவருக்கும் வணக்கம். வெளிநாட்டு உணவகங்களின் உணவுப் பட்டியல்களையும் விளம்பரத் தாள்களையும் அச்சுக்குப் போகுமுன் சரிபார்த்துக் கொடுக்கும் ஒரு சிறிய நிறுவனத்தில் ஆறு ஆண்டுகளாக மெய்ப்புத் திருத்தும் பணியில் இருக்கிறேன். நவம்பர் மாதத்தின் நான்காவது வியாழக்கிழமை அமெரிக்கர்கள் கொண்டாடும் நன்றி நவிலல் நாள் விருந்துக்காக, அங்குள்ள ஓர் உணவகத்தின் பட்டியல் எங்களிடம் வந்திருந்தது. அதன் முதல் வரி, 'ரோஸ்ட் டர்க்கி வித் ஆல் த ட்ரிம்மிங்ஸ்' என்பதாகும். (டர்க்கி என்றால் வான்கோழி.)

பள்ளியில் படித்த இலக்கணப்படி, சமைத்து முடித்த பண்டத்தின் முன்னால் வினையின் இறந்தகால எச்ச வடிவம்தான் வர வேண்டும் என்று எண்ணி, அந்த வரியிலும் கீழே மூன்று இடங்களிலும் 'எட்' விகுதியைச் சேர்த்து 'ரோஸ்டட்' என்று திருத்தி அனுப்பினேன். ஃப்ரைட் சிக்கன், பாயில்ட் எக், பேக்ட் பொட்டேட்டோ, ஸ்மோக்ட் சால்மன் என்று எதை எடுத்தாலும் அந்த விகுதி இருக்கிறதல்லவா? ஃப்ரை சிக்கன் என்று எழுதினால் நாமே சிரிப்போமே.

மறுநாள் மெய்ப்பு திரும்பி வந்தது. என் நான்கு திருத்தங்களில் மூன்றின் அடியில் புள்ளிக் கோடு போட்டு, 'ஸ்டெட்' என்று எழுதியிருந்தார்கள். மூலத்தில் இருந்தபடியே இருக்கட்டும் என்பதற்கு எங்கள் தொழிலில் வழங்கும் குறி அது. விளக்கம் எதுவும் இல்லை. இதில் எனக்குப் புரியாதது என்னவென்றால், அதே பட்டியலின் காய்கறிப் பகுதியில் 'ரோஸ்ட் கேரட்ஸ்' என்பதை நான் 'ரோஸ்டட் கேரட்ஸ்' ஆக்கியதை மட்டும் அவர்கள் மறுபேச்சின்றி ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். வான்கோழிக்கு ஒரு நியாயம், கேரட்டுக்கு ஒரு நியாயமா?

இதே பட்டியலை அங்குள்ள தமிழர்களின் இதழ் ஒன்றுக்காகத் தமிழிலும் எழுதித் தர வேண்டியுள்ளது. ஆகவே அந்த 'ட்ரிம்மிங்ஸ்' என்பதற்கு என்ன சொல்லலாம் என்றும் தெரிந்தவர்கள் கூறினால் நன்றியுடையவளாக இருப்பேன். அகராதியில் பார்த்தால் 'கத்தரித்து எடுத்த துண்டுகள்' என்று முதலில் வருகிறது. விருந்தில் அதைப் பரிமாறுவார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

பதில் 1: பாளையங்கோட்டையார்

அம்மா, தங்கள் ஐயம் நியாயமானதே. முப்பது ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்தவன் என்ற முறையில், இந்த இடத்தில் நம் பாடநூல் இலக்கணம் பாதி உண்மையை மட்டும் சொல்லிவிட்டு நின்றுவிடுகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

'ரோஸ்ட் டர்க்கி' என்பதில் உள்ள 'ரோஸ்ட்' விகுதி உதிர்ந்து போன சொல்லன்று. அதுவே பழைய ஆங்கிலத்தின் எச்ச வடிவம். 'ட்' ஒலியில் முடியும் வினைகள் சில, இறந்தகால எச்சத்துக்குத் தனி விகுதி ஏற்காமல் அப்படியே நிற்கும் இயல்புடையவை. வார்ப்பிரும்பைக் 'காஸ்ட் அயர்ன்' என்கிறோம், 'காஸ்டட் அயர்ன்' என்பதில்லை. உடைத்த பட்டாணியை 'ஸ்ப்ளிட் பீஸ்' என்கிறோம். பட்டை தீட்டிய கண்ணாடி 'கட் கிளாஸ்' ஆகிறது. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த 'ரோஸ்ட்' என்னும் வினையும் ஒரு காலத்தில் இந்தக் கூட்டத்தைப் போலவே நடந்துகொண்டது. பிற்காலத்தில் வினையாக வரும்போது 'ரோஸ்டட்' என்ற ஒழுங்கான வடிவத்தை ஏற்றுக்கொண்டுவிட்டது. ஆனால் பெயரடையாக, அதிலும் இறைச்சிப் பெயர்களின் முன்னால், பழைய குறுகிய வடிவமே நிலைத்துவிட்டது. ரோஸ்ட் பீஃப், ரோஸ்ட் போர்க், ரோஸ்ட் லாம்ப், ரோஸ்ட் சிக்கன் ஆகிய எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

எனவே எந்த வடிவம் எங்கே வரும் என்பதற்குக் கைவசம் வைத்துக்கொள்ள ஒரு சோதனை சொல்கிறேன். சமைத்தவரின் செயலைச் சொல்லும்போது, அதாவது 'நான் நேற்று ஒரு வான்கோழியை ரோஸ்ட் செய்தேன்' என்னும் பொருளில், 'ரோஸ்டட்' மட்டுமே வரும். 'ஐ ஹேவ் ரோஸ்ட் த டர்க்கி' என்று இன்றைக்கு எழுதினால் அது பிழை. பண்டத்தின் பெயராகச் சொல்லும்போது 'ரோஸ்ட் டர்க்கி'. சமைத்த விதத்தைக் கூறும் அடைமொழி ஒன்று முன்னால் சேர்ந்துவிட்டால் மீண்டும் முழு வடிவம் வந்துவிடும்: ஸ்லோ-ரோஸ்டட், ஓவன்-ரோஸ்டட், ட்ரை-ரோஸ்டட், பெர்ஃபெக்ட்லி ரோஸ்டட். 'பெர்ஃபெக்ட்லி ரோஸ்ட் டர்க்கி' என்று ஆங்கிலேயர் காதில் விழுந்தால் எங்கோ கல் கடித்தது போல் இருக்கும்.

கேரட்டின் நியாயத்துக்கு வருகிறேன். காய்கறி, வேர்க்கடலை, காப்பிக்கொட்டை, பூண்டு ஆகியவற்றுக்கு அந்தப் பழைய பெயர் வழக்கு அவ்வளவாக வேரூன்றவில்லை. ஆகவே 'ரோஸ்டட் பீனட்ஸ்', 'ரோஸ்டட் கார்லிக்' என்று செயலைச் சொல்லும் வடிவமே இயல்பாக வருகிறது. உருளைக்கிழங்கு நடுவே நிற்கிறது. பிரிட்டனில் அது இறைச்சியோடு ஒரே தட்டில் வந்து வந்து 'ரோஸ்ட் பொட்டேட்டோஸ்' ஆகிவிட்டது. அமெரிக்காவில் 'ரோஸ்டட் பொட்டேட்டோஸ்' என்பதும் சரளமாகப் புழங்குகிறது. தங்கள் வாடிக்கையாளர் மூன்றை மறுத்து ஒன்றை ஏற்றது தற்செயலாக இருக்காது. எழுதத் தெரிந்தவர் யாரோ அங்கே இருக்கிறார்.

பதில் 2: அகராதிப்பூச்சி

மேலே ஐயா கூறியதில் எனக்கு ஒரு சிறு மாறுபாடு உண்டு. ஆங்கிலத்தில் இந்த விகுதி தேய்வது பொதுவான போக்குதான். 'ஐஸ்டு கிரீம்' என்று தொடங்கியதுதான் இன்றைய ஐஸ்கிரீம். 'பாப்டு கார்ன்' பாப்கார்ன் ஆகிவிட்டது. ஆடை நீக்கிய பாலைப் பிரிட்டனில் இன்றும் 'ஸ்கிம்டு மில்க்' என்கிறார்கள், அமெரிக்காவில் 'ஸ்கிம் மில்க்' என்று சுருக்கிவிட்டார்கள். 'ரோஸ்ட் டர்க்கி'யையும் இந்த வரிசையில் வைத்துப் பார்ப்பதில் என்ன தவறு?

மற்றொன்று, 'ரோஸ்டட் டர்க்கி' என்பது பிழை என்று யாரும் சொல்லிவிட முடியாது. அமெரிக்கச் சமையல் குறிப்புகளில் அதைச் சாதாரணமாகக் காணலாம். இலக்கணமும் அதற்கு இடம் தருகிறது. மெய்ப்புநோக்கி அவர்கள் தவறு செய்துவிட்டதாக வருந்த வேண்டியதில்லை.

பதில் 3: பாளையங்கோட்டையார்

பிழை என்று நானும் சொல்லவில்லை, ஐயா. ஆனால் மெய்ப்புத் திருத்துபவரின் முன்னுள்ள கேள்வி, 'ரோஸ்டட் டர்க்கி' செல்லுமா என்பதன்று. சரியாக இருக்கும் 'ரோஸ்ட் டர்க்கி'யை மாற்ற வேண்டுமா என்பதுதான். அதற்கு விடை, வேண்டாம்.

ஐஸ்கிரீமை இதனோடு சேர்ப்பதற்கில்லை. அங்கே இருந்த விகுதி பேச்சு வேகத்தில் தேய்ந்தது. இங்கே பழைய வடிவத்தின் பக்கத்தில் புதிய விகுதி பின்னால் வந்து சேர்ந்தது. தேய்வும் வளர்ச்சியும் எதிரெதிர்த் திசைகள். இந்த வேறுபாடு தெரியாததால்தான், 'ரோஸ்ட்' என்பது ஏதோ சோம்பேறித்தனமான சுருக்கம் என்று நம் மாணவர்கள் பலர் எண்ணிக்கொண்டு, தேர்வுத்தாளில் அதைத் 'திருத்தி' வைக்கிறார்கள்.

பதில் 4: லெஸ்டர்வாசி

வணக்கம். பதினான்கு ஆண்டுகளாக இங்கிலாந்தில் இருக்கிறேன். இங்கே வான்கோழி கிறிஸ்துமஸுக்கு உரியது. நவம்பர் வியாழக்கிழமைக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை. டிசம்பர் தொடங்கியதும் எங்கள் தெருமுனை இறைச்சிக் கடையின் கரும்பலகையில் சுண்ணக்கட்டியால் எடை வாரியாக வான்கோழிகளின் விலையை எழுதி வைத்துவிடுவார்கள். அந்தப் பலகையில் 'டர்க்கி ரோஸ்ட்' என்றும் ஒரு வரி இருப்பதைப் பார்த்து, முதல் ஆண்டில் அது சமைத்த பண்டம் என்று நினைத்து வரிசையில் நின்றேன். கையில் கிடைத்தது எலும்பு நீக்கிச் சுருட்டி நூல் கட்டிய பச்சை இறைச்சி.

மெய்ப்புநோக்கி அவர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே சொல்கிறேன். நம் ஊர் உணவகங்களில் சிக்கன் ரோஸ்ட், மட்டன் ரோஸ்ட் என்று பொருளை முன்னே வைத்துச் சமையலைப் பின்னே வைக்கிறோம். நமக்கு அது மசாலா சுருண்டு ஒட்டிய ஒரு வறுவல். ஆங்கிலத்தில் சொற்களை இடம் மாற்றினால் பொருளும் மாறிவிடுகிறது. 'ரோஸ்ட் டர்க்கி' என்பது சமைத்த பண்டம். 'டர்க்கி ரோஸ்ட்' என்பது ஓவனுக்குப் போவதற்காகக் கட்டி வைத்த இறைச்சித் துண்டு. 'அ ரோஸ்ட் டர்க்கி' என்று முன்னால் ஒன்றைக் குறிக்கும் எழுத்தைச் சேர்த்தால் முழுப் பறவையும் மேசைக்கு வருகிறது என்று பொருள். சேர்க்காவிட்டால் தட்டில் அரிந்து வைத்த இறைச்சி. உணவுப் பட்டியலில் இந்த ஓர் எழுத்தால் வாடிக்கையாளர் சண்டைக்கு வரக்கூடும்.

சொல்லுக்கும் சமையலுக்கும் உள்ள தொடர்பையும் சொல்லிவிடுகிறேன். ரோஸ்ட் என்பது ஆதியில் திறந்த நெருப்பின் முன்னால் கம்பியில் கோத்துச் சுழற்றிச் சுடுவது. மூடிய அடுப்புக்குள் வைத்துச் சமைப்பது பேக் செய்வது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வீடுகளுக்கு இரும்பு அடுப்புகள் வந்து, கம்பியில் சுடுவது ஒழிந்த பிறகும், ஓவனுக்குள் வெந்த இறைச்சியைப் பழைய பெயராலேயே அழைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதனால்தான் அமெரிக்காவில் அதே ஓவனுக்குள் அதே நாளில் போகும் பன்றித்தொடை 'பேக்ட் ஹாம்' ஆகவும், பக்கத்துத் தட்டின் பறவை 'ரோஸ்ட் டர்க்கி' ஆகவும் வெளியே வருகின்றன. தர்க்கம் தேடிப் பயனில்லை.

'ட்ரிம்மிங்ஸ்' பற்றி: அகராதியின் முதல் பொருளைக் கைவிட்டுவிடுங்கள். தையற்காரர் உடையின் ஓரத்தில் வைத்துத் தைக்கும் சரிகை, லேஸ் முதலியவற்றுக்கும் இதே சொல்தான். அலங்காரமாகச் சுற்றி வருபவை என்ற அந்தப் பொருளே சாப்பாட்டு மேசைக்கு வந்தது. எங்கள் ஊர்க் கிறிஸ்துமஸ் மேசையில் அவை எவை என்றால், ரொட்டித் தூளும் வெங்காயமும் மூலிகையும் சேர்த்துச் செய்த ஸ்டஃபிங், ரோஸ்ட் உருளைக்கிழங்கு, பேக்கன் சுற்றிய சிறு சாசேஜ்கள், பிரஸ்ஸல்ஸ் ஸ்ப்ரௌட்ஸ் என்னும் குட்டி முட்டைக்கோஸ், கிரான்பெர்ரி சாஸ், பால் சேர்த்த பிரெட் சாஸ், எல்லாவற்றுக்கும் மேல் ஊற்ற இறைச்சிச் சாற்றுக் குழம்பு. அமெரிக்காவில் பட்டியல் சற்று மாறும். தென் மாநிலங்களில் ஸ்டஃபிங்கையே 'டிரெஸ்ஸிங்' என்பார்கள். எதுவாயினும் 'வித் ஆல் த ட்ரிம்மிங்ஸ்' என்றால், குறை எதுவும் வைக்கவில்லை என்று வீட்டுக்காரர் தரும் உறுதிமொழி. நம் வழக்கில் 'வடை பாயசத்தோடு சாப்பாடு' என்று சொல்லும்போது என்ன தொனிக்கிறதோ, அதே தொனி.

பதில் 5: கரிசல்மண்

தமிழாசிரியை என்ற முறையில் இந்த உரையாடலை மிகவும் ரசித்தேன். ஆங்கிலத்தில் விசித்திரமாகத் தோன்றும் இந்த இரட்டை வழக்கு நம் மொழியில் நாள்தோறும் நாம் செய்வதுதான்.

'காலம் கரந்த பெயரெச்சம் வினைத்தொகை' என்று நன்னூல் சொல்வதை எட்டாம் வகுப்பிலேயே படித்திருக்கிறோம். ஊறுகாய் என்கிறோம், கடையில் போய் 'ஊறிய காய் ஒரு பாட்டில்' என்று யாரும் கேட்பதில்லை. சுடுசோறு, பொரிகடலை, சுடுநீர் எல்லாம் இப்படித்தான். பெயராக நிலைபெற்றுவிட்ட இடத்தில் விகுதி இல்லாத சுருங்கிய வடிவம் வருகிறது. ஆனால் அதன் முன்னால் ஓர் அடைமொழியைச் சேர்த்துப் பாருங்கள்: 'உப்பில் ஊறிய மாங்காய்' என்றுதான் வரும், 'உப்பில் ஊறு மாங்காய்' என்று வராது. 'நேற்றுப் பொரித்த கடலை' என்போம், 'நேற்றுப் பொரிகடலை' என்று சொல்ல மாட்டோம். பாளையங்கோட்டை ஐயா 'ஸ்லோ-ரோஸ்டட்' பற்றிச் சொன்ன விதியும் இதுவும் ஒரே அச்சில் வார்த்தவை போல இருக்கின்றன. ஒரு வேறுபாடு உண்டு, அதை மறைக்கலாகாது: நம் வினைத்தொகை முக்காலத்தையும் உள்ளடக்கி நிற்கும், ஆங்கிலத்தின் 'ரோஸ்ட்' முடிந்த செயலை மட்டும் சொல்லும்.

தமிழ் ஆக்கத்துக்கு வருவோம். 'ரோஸ்ட்' என்று அப்படியே விட்டுவிட்டால், நெய் ரோஸ்ட், மசாலா ரோஸ்ட் என்று முறுகல் தோசை கேட்டுப் பழகிய நம் வாசகருக்கு வான்கோழி தோசைதான் நினைவுக்கு வரும். 'வறுத்த' என்றால் சட்டியும் கரண்டியும் கண்முன் வருகின்றன. 'வாட்டிய' என்பது அழகான சொல். ஆனால் எங்கள் பக்கத்தில் கோழியை உரித்து மஞ்சள் தடவி ஓலை நெருப்பில் காட்டுவதையே வாட்டுதல் என்போம், அதற்குப் பிறகுதான் சமையலே தொடங்கும். 'சுட்ட' என்பதே மிக நெருங்கிய சொல். பொருநராற்றுப்படையில் 'காழிற் சுட்ட கோழூன் கொழுங்குறை' என்று வருகிறது. காழ் என்பது இரும்புக் கம்பி. லெஸ்டர்வாசி அவர்கள் சொன்ன பழைய ஆங்கில ரோஸ்ட் அதுவேதான். இடைஞ்சல் என்னவென்றால், 'சுட்ட வான்கோழி' என்று மட்டும் அச்சிட்டால் இக்கால இளைஞர்கள், 'எங்கே சுட்டது?' என்று கேட்டுச் சிரிப்பார்கள்.

ஆகவே 'ஓவனில் சுட்ட வான்கோழி' என்று எழுதப் பரிந்துரைக்கிறேன். இடத்தைச் சொல்லிவிட்டால் திருட்டுப் பொருள் ஓடிவிடும். தீயில் நேரே காட்டியதல்ல என்பதும் விளங்கிவிடும். தயவுசெய்து 'அவனில் சுட்ட' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், அந்த எழுத்துக்கூட்டலை நான் அச்சிலேயே பார்த்திருக்கிறேன், யார் அந்த அவன் என்று வாசகர் திகைப்பார். பறவையின் பெயருக்கு 'வான்கோழி' போதும். 'கான மயிலாட' என்னும் பாடலில் வரும் வான்கோழி இந்த அமெரிக்கப் பறவைதானா என்பது வேறொரு நாளைக்கான விவாதம்.

பதில் 6: லெஸ்டர்வாசி

பறவையின் பெயர் வந்ததால் ஒரே ஒரு கிளைச்செய்தி. மெக்சிகோவில் மனிதர் வளர்க்கத் தொடங்கிய இந்தப் பறவையை எந்த ஊருமே தன் ஊர்க்காரன் என்று ஒப்புக்கொள்ளவில்லை. ஆங்கிலேயர் துருக்கியின் பெயரால் அழைக்கிறார்கள். துருக்கியர் 'ஹிந்தி' என்று இந்தியாவைக் காட்டுகிறார்கள். டச்சுக்காரர் சொல்லும் 'கல்குன்' நம் கோழிக்கோட்டின் பெயரிலிருந்து வந்தது. அந்த வகையில் கரிசல்மண் அவர்களின் 'வான்கோழி' யாருடைய ஊரையும் வம்புக்கு இழுக்காத பெயர்.

'ஓவனில் சுட்ட' என்பதை நானும் ஆதரிக்கிறேன். அமெரிக்க வேளாண்மைத் துறையின் அறிவுரைப்படி ஓவனின் வெப்பம் 325 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் குறையக் கூடாது. பறவையின் உட்பகுதி 165 டிகிரியை, அதாவது ஏறத்தாழ 74 டிகிரி செல்சியஸை, எட்ட வேண்டும். ஸ்டஃபிங் திணிக்காத 12 முதல் 14 பவுண்டு எடையுள்ள பறவைக்கு இது 3 மணி முதல் 3¾ மணி நேரம் பிடிக்கும். 'தீயில் சுட்ட' என்று எழுதினால் இந்த நிதானம் வாசகருக்குத் தெரியாமலே போய்விடும்.

பதில் 7: மெய்ப்புநோக்கி

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. ஐயா கூறிய சோதனையை ஒரு துண்டுத்தாளில் எழுதி மேசைக் கண்ணாடியின் அடியில் வைத்துவிட்டேன். அதன் பக்கத்திலேயே 'உப்பில் ஊறிய மாங்காய்' என்றும் எழுதியிருக்கிறேன், ஏனென்றால் எனக்கு எளிதில் நினைவில் நிற்பது அதுதான். அகராதிப்பூச்சி அவர்களின் ஆறுதலுக்கும் நன்றி. ஆனால் சரியாக இருந்ததை மாற்றினேன் என்பது மெய்ப்புத் திருத்துபவருக்குப் பெரிய குறையே.

பட்டியலை மீண்டும் முதலிலிருந்து படித்தேன். மூன்று இடங்களிலும் 'ரோஸ்ட்' என்பதை மீட்டுவிட்டேன். அப்போதுதான் இரண்டாம் பக்கத்தில், இதுவரை யார் கண்ணிலும் படாத ஒரு வரி தென்பட்டது: 'ஸ்லோ ரோஸ்ட் டர்க்கி லெக்'. முதல் சுற்றில் அதை நானே தவறவிட்டிருக்கிறேன். அங்கே மட்டும் இடைக்கோடும் விகுதியும் சேர்த்து 'ஸ்லோ-ரோஸ்டட்' என்று திருத்தி, ஓரத்தில் காரணத்தை ஒரு வரியில் எழுதி அனுப்பினேன். இன்று காலை மெய்ப்பு வந்துவிட்டது. அந்த வரியின் கீழே புள்ளிக் கோடு இல்லை.

தமிழ்ப் பட்டியலுக்கு 'ஓவனில் சுட்ட வான்கோழி, சகல பக்கவகைகளுடன்' என்று எழுதியிருக்கிறேன். 'வடை பாயசத்தோடு' என்று போட மிகவும் ஆசையாக இருந்தது. இதழின் ஆசிரியர், படித்துவிட்டு வருபவர்கள் உண்மையிலேயே வடை கேட்பார்கள் என்று சொல்லிவிட்டார்.